தலைநகரில் குரங்கும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசுவதே நம் வழக்கம். இவ்வாண்டு எனக்குக் கிடைத்த பொருள் குரங்கு. நிகழ்ச்சி நிரலில் அதைக் கண்டவுடன் சிலர் புன்முறுவல் பூத்ததை நான் அறிவேன். எனினும், தில்லிவாழ் தமிழர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், ஊர்ச் செய்தி முடிந்ததும் அடுத்த பேச்சு குரங்காகத்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் மொட்டை மாடியில் உலர்த்திய வடாம் போயிற்று. இன்னொரு வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது; உள்ளே நீராட்டு விழா நடந்திருந்தது. மற்றொரு வீட்டில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததைத் தரையில் கொட்டிவிட்டுச் சென்றிருந்தன. இவற்றைச் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாத செய்தியும் உண்டு. 2007 அக்டோபர் மாதத்தில் இந்நகரத்தின் துணை மேயர், தம் இல்லத்து மாடி முகப்பில் குரங்குகளை விரட்ட முயன்றபோது கீழே விழுந்து உயிர் நீத்தார். மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தவருக்கே இந்நிலை என்றால், துணி உலர்த்தத் தனியே மாடிக்குச் செல்லும் மூதாட்டியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இங்கு நாம் காணும் குரங்கு நம் ஊரில் கண்ட குரங்கு அன்று. தென்னாட்டுக் குரங்கின் உச்சந்தலையில் குல்லாய் கவிழ்த்தாற்போல மயிர் படிந்திருக்கும். வால் உடலைவிட நீளமானது. வடநாட்டுக் குரங்குக்கு முகமும் பின்புறமும் சிவந்திருக்கும். வால் உடலின் பாதி அளவே இருக்கும். ஆங்கிலத்தில் இதனை ரீசஸ் என்பர். இரத்த வகையைக் குறிக்கும்போது மருத்துவர் 'ஆர்.எச். பாசிட்டிவ்' என்கிறாரே, அந்த இரண்டு எழுத்துகளும் இக்குரங்கின் பெயரிலிருந்து வந்தவையே. ஏறத்தாழத் தபதி, கோதாவரி ஆறுகள் இவ்விரண்டு இனங்களுக்கும் எல்லையாக அமைந்துள்ளன. இவையன்றி, கரிய முகமும் நீண்ட வாலும் உடைய, இலையை விரும்பித் தின்னும் மூன்றாவது ஒன்றும் உண்டு. இந்தியில் லங்கூர் என்பர். தமிழில் அதற்கு முசு என்று பெயர். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று பிரித்துச் சொல்லி, இவற்றின் பெண்ணுக்கு மந்தி என்ற பெயரை உரித்தாக்குகிறது. காட்டை உற்றுநோக்கி வாழ்ந்தவர்களின் மொழி அது. இன்று நாம் எல்லாவற்றையும் குரங்கு என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். முசுவைப் பற்றிப் பின்னர் வருகிறேன். இந்நகரத்துக் குரங்குக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இக்குரங்குகள் எங்கிருந்து வந்தன? காட்டை நாம் அழித்தோம், ஆகவே அவை நம் வீட்டுக்கு வந்தன என்று ஒரு விடை கூறப்படுகிறது. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. சார்லஸ் சவுத்விக் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடன் உழைத்த இந்திய அறிஞர்களும் 1959, 1960-ஆம் ஆண்டுகளில் உத்தரப் பிரதேசத்தில் இக்குரங்குகளைக் கணக்கெடுத்தனர். அன்றே அவற்றுள் பெரும்பகுதி ஊர்களிலும் நகரங்களிலும் கோயில்களிலும் சாலையோரங்களிலுமே வாழ்ந்தது. மனிதன் வாழும் இடம் இவற்றுக்குப் புதிதன்று. பல தலைமுறைகளாகப் பழகிய இடம். அக்காலத்தில் வேறொரு காரணத்தால் இவற்றின் தொகை குறைந்துகொண்டே வந்தது. இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து செய்யவும் பிற ஆராய்ச்சிகளுக்கும் இந்தியக் குரங்குகள் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றுமதி ஆயின. ஓராண்டில் லட்சத்துக்கு மேல் போன காலமும் உண்டு. 1978-ல் மொரார்ஜி தேசாய் அவர்களின் அரசு அந்த ஏற்றுமதியை முற்றும் நிறுத்தியது. அது கருணை மிக்க செயல். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிடிப்பார் இல்லாத அந்நாள் முதல் அவற்றைப் பேணுவார் தொகை மட்டும் குறையவில்லை.

பேணுவார் என்று நான் குறிப்பது உணவு இடுவோரையே. செவ்வாய்க்கிழமையன்றும் சனிக்கிழமையன்றும் காலையில் ரிட்ஜ் காட்டை ஒட்டிய சாலைகளில் சென்று பாருங்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, வாழைப்பழச் சீப்பையும் வறுத்த கடலையையும் அள்ளி வைத்துவிட்டுக் கைகூப்பிச் செல்வோரைக் காணலாம். அனுமனின் பெயரால் அது நடக்கிறது. நம்மவரும் அதில் கலந்துகொள்கின்றனர். ஊரில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தியவர்கள் இங்கே நேராக வானரத்துக்கே அளித்துவிடுகிறார்கள்! பக்தியை இகழ நான் இங்கு வரவில்லை. ஆனால் அந்தப் பழம் உண்ட பின் என்ன நடக்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

பெண் குரங்கு ஐந்தரை மாதம் கருவைச் சுமந்து ஒரு குட்டி ஈனும். உணவு அரிதான காட்டில் ஆண்டு விட்டு ஆண்டு ஈனும் மந்தி, உணவு மலிந்த இடத்தில் ஆண்டுதோறும் ஈன வல்லது, குட்டியும் பிழைத்துக்கொள்கிறது. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுவதும் இருக்கின்றன. ஆண்கள் மட்டும் வளர்ந்ததும் வெளியேறி வேறு கூட்டம் சேர்கின்றன. ஆகவே ஒரு தெருவைப் பிடித்துக்கொண்ட கூட்டத்தில் பாட்டி, தாய், மகள் என்ற தொடர்ச்சி அறுவதில்லை. எந்த வீட்டுத் தொட்டியின் மூடி தளர்ந்தது, எந்தச் சமையலறைச் சன்னலுக்குக் கொக்கி இல்லை என்ற அறிவு அத்தாய்வழியில் இறங்குகிறது. இவ்வளவு அறிந்த உயிருக்குச் செவ்வாய் எது, புதன் எது என்ற வேற்றுமை மட்டும் தெரியாது. செவ்வாயன்று மனிதன் கையிலிருந்து பழம் வந்தது. புதனன்று ஒரு பள்ளிச் சிறுமியின் கையில் பை இருக்கிறது. கை நீட்டித் தராவிட்டால் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்க விடாவிட்டால் கடிக்கிறது. புண்ணியம் ஈட்டியவர் ஒருவர். ஊசி போட்டுக்கொள்பவள் வேறொருத்தி. அந்தச் சிறுமியின் பெற்றோரிடம் நின்று இந்தத் தருமத்தை எவ்வாறு விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

உணவு இடுவது குரங்குக்கும் நன்மை அன்று. இலையும் புல்லும் விதையும் தேடி நாள் முழுதும் அலைய வேண்டிய உயிர், சாலையோரத்தில் உட்கார்ந்து பழத்துக்குக் காத்திருக்கிறது. வண்டியில் அடிபட்டுச் சாகிறது. தாயின் மார்பைப் பற்றிய குட்டியோடு அவ்வாறு கிடப்பதைக் கண்டவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

'அரசு பிடித்துக்கொண்டு போகட்டும்' என்பது எளிய விடை. பிடித்துக்கொண்டும் போனார்கள். 2007-ல் உயர்நீதிமன்றம் ஆணையிட, நகரின் தென்கோடியில் உள்ள அசோலா பாட்டி வனவிலங்குச் சரணாலயத்தில் குரங்குகளைக் கொண்டுபோய் விடத் தொடங்கினர். அடுத்த பத்தாண்டுகளில் பல்லாயிரம் குரங்குகள் அங்கே போய்ச் சேர்ந்தன. அந்த இடம் எத்தகையது? ஒரு காலத்தில் மண்ணும் கல்லும் தோண்டிய சுரங்கப் பூமி. அங்கே மண்டியிருப்பது பெரும்பாலும் சீமைக் கருவேலம். இராமநாதபுரத்துக்காரர் யாரேனும் இங்கிருந்தால் அம்மரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பசித்த கூட்டத்துக்கு அத்தி, ஆல், நாவல்போல அது சோறிடுமா? ஆகவே வனத்துறையினர் வண்டி வண்டியாகக் காயும் பழமும் கொண்டுபோய்க் கொட்ட நேர்ந்தது. மதில் எழுப்பினர், மதிலைத் தாண்டிக் குரங்குகள் அருகிலுள்ள சிற்றூர்களுக்குச் சென்றன. நம் குடியிருப்பின் தொல்லை குறைந்ததோ இல்லையோ, அந்த ஊர் மக்களின் கூரைகளுக்குப் புதிய தொல்லை வந்தது. அவர்கள் நம்மைவிட எளியவர்கள். சன்னலுக்கு இரும்பு வலை அடிக்க வசதி இல்லாதவர்கள்.

கொண்டுபோய் விடுவது எங்கும் பயன்படாது என்று சொல்வதும் தவறு. 1997 சனவரியில் பிருந்தாவனத்திலிருந்து 600 குரங்குகளைப் பிடித்து எட்டு வனப்பகுதிகளில் விட்டனர். கண்ணில் பட்டதைப் பிடித்துக் கூண்டில் அடைக்காமல், கூட்டம் கூட்டமாக, குடும்பம் சிதையாமல் கொண்டுசென்றனர். அவை விட்ட இடத்திலேயே நிலைத்தன. தாயை ஒரு கூண்டிலும் குட்டியை ஒரு கூண்டிலும் பிரித்துப் பிடிக்கும்போது எஞ்சிய கூட்டம் சிதறிப் பல கூட்டங்களாகிறது. புதிய தெருக்களைத் தேடுகிறது. இந்நகரில் நடந்தது பெரும்பாலும் அதுவே. ஆயினும் பிருந்தாவனத்தின் கதை அங்கு முடியவில்லை. யாத்திரிகரின் பழமும் இனிப்பும் அங்கே ஓயவில்லை. எஞ்சியவை பெருகின. இன்று அத்தலத்துக்குப் போகிறவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். கண்ணாடியைப் பறித்த குரங்கு, பழச்சாற்றுப் பொட்டலம் கிடைத்தால்தான் திருப்பித் தருகிறது. வாணிகம் கற்றுவிட்டது! அம்மன்குடியில் பிறந்து மதுரா தொகுதியின் உறுப்பினரான ஹேமமாலினி அவர்கள் 2019-ல் மக்களவையில் எழுந்து இதைப் பற்றி முறையிட நேர்ந்தது. அறுநூறை அகற்றியும் அந்த ஊர் மீளவில்லை என்றால், அகற்றுவது ஒன்றே மருந்தாகாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி முசுவின் கதை. முசுவைக் கண்டால் குரங்கு ஓடும் என்ற நம்பிக்கையால், இந்நகரத்து அலுவலகங்களிலும் மாளிகைகளிலும் கயிற்றில் கட்டிய முசுவோடு காவலர்கள் உலா வந்த காலம் இருந்தது. சைக்கிளின் பின்னிருக்கையில் அது அதிகாரியைப்போல அமர்ந்து செல்வதைப் பழைய உறுப்பினர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முசுவைப் பிடித்து வைத்திருப்பது குற்றம் என்பதைச் சுட்டி, 2012-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதனை நிறுத்தச் சொல்லியது. முசு போயிற்று, முசுவைப்போலக் குரல் எழுப்பும் மனிதர் வந்தனர். அத்தகையோர் நாற்பது பேரைப் புதுதில்லி நகராட்சி அமர்த்தியிருப்பதாக 2014-ல் மாநிலங்களவையில் அமைச்சரே தெரிவித்தார். 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாட்டுக்கு உலகத் தலைவர்கள் வந்தபோது, சாலைகளில் முசுவின் உருவம் தீட்டிய பலகைகள் நின்றன. காட்டிலோ முசுவும் குரங்கும் ஒரே மரத்தில் மேய்வதுண்டு. கட்டிய முசுவுக்கு அஞ்சிய குரங்கும் அடுத்த தெருவுக்கு நகர்ந்ததேயன்றி நகரத்தை விட்டுப் போகவில்லை. பலகையின் மீது ஏறி அமரும் நாளுக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

கருத்தடை என்ற வழியும் உண்டு. இமாசலப் பிரதேசம் ஏறத்தாழ 2007 முதல் அதைச் செய்து வருகிறது. பிடித்து, அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே விடுகின்றனர். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட குரங்குகளுக்கு அவ்வாறு செய்தாயிற்று. 2004-ல் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை 2015-ல் இரண்டு லட்சத்துச் சொச்சமாகக் குறைந்தது என்பது அம்மாநிலக் கணக்கு. அதுவும் ஒரு தலைமுறைக் காலம் இடைவிடாது செய்ய வேண்டிய பணி. சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணைகளில் இக்குரங்கு இடம்பெறவில்லை. ஆகவே எதையும் செய்யலாம் என்று சிலர் கருதுகின்றனர். விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உண்டு. நஞ்சு வைப்பதும் மின்கம்பி இழுப்பதும் குற்றமே. அந்த மின்கம்பி அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் எமன்.

அரசு செய்வதை அரசு செய்யட்டும். நம் கூரையின் கீழ் உள்ளது நம் பொறுப்பு. முதலில் தொட்டி: மூடியின் மீது செங்கல் வைப்பது வீண், குரங்கு அதைத் தள்ளும், அது கீழே செல்வோர் தலையில் விழும். இரும்புப் பட்டையும் திருகாணியும் கொண்டு மூடியைப் பூட்டுங்கள். வடாமும் வற்றலும் இடுவதை விட்டுவிட வேண்டும் என்று சொன்னால் தாய்மார்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள், நானும் இழப்பவனாவேன். திறந்த மாடியை விட்டு, கம்பியிட்ட வராந்தாவில், நான்கு கால் சட்டத்தின் மேல் வலை கட்டி உலர்த்தலாம். இரண்டு நாள் கூடுதலாகும். வடாம் நமக்கே கிடைக்கும். பூசை முடிந்த தேங்காய் மூடியையும் பழத்தையும் மாடிச் சுவரில் வைக்கும் பழக்கம் போக வேண்டும். காக்கைக்குச் சோறு வைப்போர், காக்கை உண்ணும் அளவே வைத்து, எஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும். குப்பையை முதல்நாள் இரவே வாசலில் வைக்காதீர்கள். வண்டி வரும்போது கொண்டுபோய்க் கொடுங்கள்.

எதிர்ப்பட்டால் என் செய்வது? கண்ணோடு கண் நோக்காதீர்கள். அவற்றின் வழக்கத்தில் அது போருக்கு அழைப்பு. பல் தெரியச் சிரிப்பதும் நல்லதன்று; பல் காட்டுவதற்கு அவை கொள்ளும் பொருள் வேறு. ஓடாதீர்கள். கையில் உள்ள தின்பண்டத்தை விட்டுக்கொடுத்துவிடுங்கள். பையைப் பிடித்து இழுத்துப் போராடுவதில்தான் பலர் கடிபடுகின்றனர். கோலைத் தரையில் தட்டிக்கொண்டு, மெல்லப் பின்வாங்கி, படிக்கட்டுக் கதவை நோக்கி வாருங்கள். மாடியின் கைப்பிடிச் சுவர்ப்பக்கம் ஒதுங்காதீர்கள். கடியைவிட வீழ்ச்சியே உயிருக்குக் கேடு. குரங்கு தப்பிச் செல்ல ஒரு வழியையும் விட்டுவைக்க வேண்டும்; அறைக்குள் புகுந்ததைக் கதவடைத்து அடிக்கத் துணியாதீர்கள். கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால் மணி நேரம் புண்ணைக் கழுவுங்கள். மஞ்சள் பொடியும் காப்பிப் பொடியும் அப்புவது நம் வீடுகளில் உள்ள வழக்கம், அது வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை, வலி நின்றுவிட்டது என்று இடையில் விடாமல், சொன்ன நாள்களில் எல்லாம் போட்டு முடியுங்கள். வெறிநோய் வந்தபின் அதற்கு மருந்து இல்லை.

இவ்வளவும் ஒரு வீடு மட்டும் செய்தால் என்ன ஆகும்? அடுத்த வீட்டுக்குப் போகும். கீழ்த்தளத்தார் சன்னல்தோறும் இரும்பு வலை அடித்துவிட்டால், மேலே பர்சாத்தியில் வாடகைக்கு இருக்கும் இளைஞனின் ஒற்றை அறைதான் கூட்டத்துக்கு இலக்கு. அவனும் வலை அடித்தால், பின்புறக் குடிசையில் வேலைக்காரம்மாள் மூடி வைத்த ரொட்டிக்குப் போகும். நான் முன்னே கூறிய அசோலா கதை ஒவ்வொரு தெருவிலும் சிறிய அளவில் நடக்கிறது. ஆகவே இது தெருவாகச் சேர்ந்து செய்ய வேண்டியது. ஒரு கட்டிடத்தின் எல்லாத் தொட்டிகளும் ஒரே வாரத்தில் பூட்டப்படவேண்டும். குப்பைக்கு மூடி வேண்டும். உணவிடுவோரிடம் வீட்டுக்கு வீடு சென்று பணிவோடு பேச வேண்டும். அவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், நல்லவர்கள். 'உங்கள் பழத்தை அருகிலுள்ள பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், அனுமனும் மகிழ்வார்' என்று இந்தியில் எடுத்துச் சொல்ல நம் சங்கத்துப் பெண்களைவிட வல்லார் இல்லை. கீரைக்காரனிடம் அவர்கள் பேரம் பேசும் இந்தியைக் கேட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

கூட்டம் உடனே போய்விடாது. வழக்கமான உணவு நின்ற முதல் சில வாரங்கள் அதன் சினம் மிகும். கதவைத் தட்டும், தொட்டியை உலுக்கும். அந்த வாரங்களில் யாரேனும் ஒருவர் மனமிரங்கி ஒரு சீப்புப் பழம் போட்டுவிட்டால், பட்ட பாடெல்லாம் வீண். விடாமல் உலுக்கினால் கிடைக்கும் என்பதையே அது கற்றுக்கொள்ளும். குழந்தைகளைத் தனியே மாடிக்கு அனுப்பாமல் காக்க வேண்டிய காலமும் அதுவே.

முடிக்குமுன், செயற்குழுவின் இசைவோடு ஓர் அறிவிப்பு. விருந்து முடிந்ததும் எச்சில் இலைகளைப் பின்புறத் திறந்த வெளியில் குவிக்கும் வழக்கம் இவ்வாண்டோடு நிற்கிறது. கை கழுவும் இடத்துக்கு அருகில் மூடியுள்ள பீப்பாய்கள் இரண்டு வைத்திருக்கிறோம். இலையை மடித்து அவற்றுள் இடுங்கள். மூடியை அழுத்திப் பூட்டும் பொறுப்பை நம் இளைஞர் இருவர் ஏற்றிருக்கின்றனர். தாம்பூலப் பையில் உள்ள வாழைப்பழத்தை வாசலில் நின்று உண்ணாமல், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடும்படி வேண்டுகிறேன்.